கிளம்பும் விமானம் ஏன் திசை மாறுகிறது?

நமது திருவண்ணாமலையில் கார்த்திகைத் தேரோட்டத்தைக் கண்ட நேயர்கள் ஒரு விஷயம் அறிவர். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கானோர். எனினும் தேரின் திசையைக் காப்பவர்கள் சக்கரத்தருகே முட்டுக்கட்டையுடன் நடக்கும் சிலரே. தேர் சற்று விலகும்போதே அவர்கள் கட்டை கொடுத்துத் திருப்பிவிடுகிறார்கள். சிறு விமானம் தரையில் ஓடிக் கிளம்பும் சமயத்திலும் இதுவே நியதி.

பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் உருவாகி, 1958-ஆம் ஆண்டு முதன்முதல் பறந்த ‘புஷ்பக்’ விமானத்தைப் பார்ப்போம். நம் தேசத்துப் பறக்கும் சங்கங்களில் பலர் அதில் பயின்றனர். அதற்கு முன்னே இரு சக்கரங்கள். வாலடியில் சிறு சக்கரம் ஒன்று. பாரத்தின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், மூக்கு சிறிது விலகினாலும் அப்பாரம் விலகலை வளர்த்துவிடும். விசிறி சுழற்றியடிக்கும் காற்றோ வாலில் மோதி மூக்கை இடப்புறம் திருப்பும். விமானி வலக்காலால் சுக்கானை இயக்கி நேராக்க வேண்டும். அதற்கு முந்திய ‘டைகர் மாத்’ விமானத்தில் விசிறி எதிர்த்திசையில் சுழன்றது; ஆதலால் அங்கே இடக்காலுக்கு வேலை. பழகிய கால் புது விமானத்தில் பகையாவதும் உண்டு!

ஓட்டத்தின் தொடக்கத்தில் சுக்கானில் படும் காற்று குறைவு. ஆகையால் இயந்திர விசையைப் படிப்படியாகவே கூட்ட வேண்டும். தாமதமாக விழித்து ஓங்கி மிதித்தால் விமானம் மறுபுறம் பாயும். சுழன்று, இறக்கை நுனி தரையில் இடிக்கவும் கூடும். விலகல் கைமீறுமானால், எப்படியும் பறந்துவிடலாமென்று துணியாமல், உடனே விசையைக் குறைத்து நிறுத்துவதே விவேகம். நிறுத்தியவர் மறுபடி கிளம்பலாம்.