நலம் விசாரிப்பதும் ஒரு சிகிச்சையே

கோதையாறும் பறளியாறும் பாயும் திருவட்டாறு வட்டாரத்தில் சாலை கேட்டு மனுக் கொடுப்போர் பலர். பாலமும் குடிநீரும் கேட்போர் பலர். மனநல மருத்துவர் வேண்டுமென்று எவரும் மனுக் கொடுத்து நான் கண்டதில்லை. ஆயினும், அவ்வுதவி உரிய காலத்தில் கிட்டாமையால் சில இல்லங்களில் விளக்கு அணைந்துவிடுகிறது. தற்கொலையைத் தடுப்பதும் கிராம வளர்ச்சிப் பணியின் ஒரு பகுதியே என்பதை நாம் உணர வேண்டும்.

மனநலப் பணியாளர் என்றால் பைத்தியத்துக்கு வைத்தியம் செய்பவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். இது தவறு. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவரோடு உளவியலாளரும் சமூகப் பணியாளரும் சேர்ந்து பணிபுரிகின்றனர். உறக்கமின்மை, தீராத சோர்வு, விடமுடியாத குடி ஆகியவற்றுக்கும் இவர்களை நாடலாம்.

தற்கொலைக்கு ஒரே காரணம் இருப்பது அரிது. மழைக்காலத்தில் ரப்பர் பால்வெட்டு நின்று கூலி குறைவதும், வட்டி ஏறுவதும், வீட்டுப் பிணக்கும் ஒருங்கே வந்து தாக்கலாம். அவற்றின் அடியில் மனச்சோர்வு என்னும் நோய் பல சமயம் மறைந்திருக்கும். வேலைக்கு வழி காண்பது எம்போன்றோர் கடமை. நோயை அறிந்து தீர்ப்பது அவர்கள் பணி. மனச்சோர்வுக்கான மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மனந்தளர்ந்து அதை நிறுத்திவிடலாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், உயிர் பிழைத்து வீடு திரும்பிய ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். கூடியிருந்தோர் மழையைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் பேசினரேயன்றி, நடந்ததைக் குறித்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டால் மீண்டும் அவ்வெண்ணம் எழுமோ என்று அஞ்சி, நானும் கேளாமலே திரும்பினேன். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று மனநலப் பணியாளர்கள் பின்னர் எனக்கு விளக்கினர். பரிவோடு நேரே கேட்பது அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை. உள்ளத்துச் சுமையை இறக்கி வைக்க இடம் தருகிறது.

இதற்குச் சான்றும் உண்டு. சென்னை, கொழும்பு உள்ளிட்ட 5 நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வொன்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேர் அதில் பங்கு பெற்றனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அதனோடு ஒரு மணி நேர ஆலோசனை கூறி, 18 மாதங்களில் 9 முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தனர். அக்காலத்துக்குள் தற்கொலையால் இறந்தோர் முதற்பிரிவில் 100க்கு 2.2 பேர், இரண்டாம் பிரிவில் 0.2 பேரே. பெரும் பொருட்செலவின்றி, மறவாமல் விசாரித்ததன் பலன் இது!

போலீஸ் வழக்குக்கு அஞ்சிச் சிலர் சிகிச்சையை மறைக்கின்றனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. எனவே மறைக்கத் தேவையில்லை.

கிராம மக்கள் செய்யத்தக்கவை சில உண்டு. "நான் இருந்து என்ன பயன்?" என்று ஒருவர் கூறினால், அதை வேடிக்கைப் பேச்சாகக் கொள்ளலாகாது. அவரைத் தனியே விடாமல், கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைக்கலாம்; 104 என்னும் எண்ணும் உண்டு. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இவ்வெண்களைத் தம் கூட்டங்களில் அறிவித்தல் நலம்.

மனநலப் பணியாளர் மாதம் ஒருமுறை விசாரிக்கலாம். அண்டை வீட்டார் நாள்தோறும் விசாரிக்கலாம். அன்று நான் கேளாது விட்ட கேள்வியை, இனி நம் ஊர்களில் எவரும் கேளாது விடாதிருப்போமாக.