மீளக் கண்ட நகை

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார் ஆசிரியர் தொல்காப்பியனார். அது பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்றும் வகுத்தார். இதற்கு உரைகண்ட பேராசிரியர், ஒருவன் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதலும் என எள்ளலை இரண்டாக்குவர். ஏனையனவும் இவ்வாறே தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும். புன்னாலைக்கட்டுவன் வித்துவசிரோமணி சி. கணேசையர் அரிய குறிப்புக்களுடன் 1943 இல் வெளியிட்ட பதிப்பின் வாயிலாக இவ்வுரையைப் பயின்ற யாழ்ப்பாணத்தார்க்கு இப்பாகுபாடு புதிதன்று. ஆயினும், சிறுபிராயத்திற் கண்டு நகைத்த திரைப்படமொன்றை நரைதோன்றிய பின்னர் மறுபடி காண்பவர், ஏட்டிற் கற்ற இதனைத் தம்மிடத்தேயே காண்பர்.

ஸ்ரீதரின் இயக்கத்தில் 1964 ஆம் ஆண்டு வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ இதற்குத் தக்க சான்று. கதை எளிது. சின்னமலைத் தோட்ட முதலாளி விசுவநாதன் செல்வத்தையன்றிப் பிறிதொன்றை மதியாதவர். அவருக்குக் காஞ்சனா, நிர்மலா என இரு புதல்வியர். செல்லப்பா என ஒரு புதல்வன். செல்லப்பாவோ ‘ஓகோ புரொடக்‌ஷன்ஸ்’ என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டு, படமெடுக்கும் பணத்துக்குத் தந்தையின் பெட்டியை நோக்கியிருப்பவன். வேலையிலிருந்து நீக்கப்பட்ட அசோக் என்னும் இளைஞன் முதலாளி வீட்டின் எதிரே கூடாரமடித்து வழக்காடுகின்றான், நிர்மலாவைக் காதலிக்கின்றான், தான் கோடீசுவரர் ஒருவரின் ஏகபுத்திரன் எனப் பொய்யுரைத்து, நண்பன் வாசுவுக்கு முதியவர் வேடம் புனைவித்துத் தந்தையாக நடிக்க வைக்கின்றான். அவ்வாசுவே காஞ்சனாவின் காதலன் என்பது கதையின் முடிச்சு.

யாழ்ப்பாண நகரின் வெலிங்டன், வின்சர், ராணி முதலிய அரங்குகளில், கலரி வாங்கில் நெருக்குண்டு, கச்சான் கொறித்தபடி தென்னிந்தியப் படங்களைக் கண்ட சிறுவர் ஒரு தலைமுறையினர். ‘டெக்’கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கெடுத்து, ஊர் முற்றத்திற் பாய்விரித்து, விடியுமட்டும் படங்களைத் தொடர்ந்து கண்ட 1980 களின் சிறுவர் மற்றொரு தலைமுறையினர். இவ்விரு சாராருக்கும் இப்படத்திலே நினைவு நிற்பது பெரும்பாலும் ஒன்றே: நாகேஷ் கதை சொல்லும் காட்சி.

செல்லப்பா தான் எடுக்கக் கருதிய திகிற்படத்தின் கதையைத் தந்தைக்கு எடுத்துரைக்கின்றான். திரையிற் பேயில்லை, பாழ்மாளிகையில்லை. கதவின் கிறீச்சொலியும் காலடியோசையும் அவன் வாயிலிருந்தே பிறக்கின்றன; கையும் விழியும் இருளையும் உருவத்தையும் படைக்கின்றன. சிறுவன் கண்டது இவற்றையே. அவன் கண் நாகேஷை விட்டு அகன்றிலது. மீளக் காண்பவரின் கண்ணோ, அவரறியாமலே எதிரே அமர்ந்திருக்கும் டி. எஸ். பாலையாவின் முகத்துக்குத் தாவுகின்றது. அம்முகம் முதலில் ஏளனங் காட்டும், பின் சற்றே செவிசாய்க்கும், பின் வியர்க்கும், ஈற்றில், மகனை மதியாத தந்தை அம்மகனின் சொல்லுக்கே நடுங்குவார். பேச்சு மிகுதியும் மகனுடையது. நகை பிறப்பதோ தந்தையின் மௌனத்தில். 1936 இல் ‘சதிலீலாவதி’யிற் கொடியோனாகத் திரையிற் புகுந்து, நெடுங்காலம் பிறரை அஞ்சுவித்தவர் இவர். (இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் இடந்தந்த கதை அது என்பதை நம்மவர் பலர் மறந்தனர்.) அத்தகையவர் அஞ்சுவதாலேயே அச்சம் நகையாகின்றது. 1966 இல் இப்படம் இந்தியில் ஆக்கப்பட்டபோது, மெஹ்மூத்தும் ஓம் பிரகாசும் இதே காட்சியை நடித்துப் புகழ் பெற்றனர். சொல்வோனையும் கேட்போனையும் ஒருங்கே தகுதியாகத் தேர்ந்தமையே அங்கும் பயன் தந்தது.

மறுகாட்சியிற் கண்டுகொள்ளப்படுவது இன்னுமொன்றுண்டு. அது அத்துணை இனியதன்று. பிறர் அறிவுறுத்தியதை ஏற்று, ஏற்றதனை விடாது பற்றிநிற்றலே மடம் என்பது உரையாசிரியர் கருத்து. விசுவநாதன் அதன் வடிவம். கூடாரத்தில் இருந்தபோது தம்மாற் கேவலமாக மதிக்கப்பட்ட அதே இளைஞன், செல்வர் மகன் என்ற சொல் காதில் விழுந்த கணமே அவருக்கு உத்தம மருமகனாகின்றான். இளைஞனின் முகமும் குணமும் மாறவில்லை, மதிப்பு மாறிற்று. சிறுவனுக்கு இது வேடிக்கை. காணியுறுதியும் நகையும் சீதனமாக எழுதிவைத்து, ‘பொடியன் வெளிநாட்டிலை’ என்ற ஒரே சொல்லில் மயங்கி, வேறொன்றும் வினாவாது பெண்கொடுத்த யாழ்ப்பாணத்துத் தந்தைக்கு அஃது அவ்வாறிராது. அவர் சிரிப்பார், சிரித்தபின் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். பிறர் மடமை கண்டு நகுதல் தன் மடமை கண்டு நகுதலாக மாறும் இடம் இதுவே.

படம் குறையற்றதன்று. காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் கண்ணுக்கினியராய் வந்துபோகின்றனரேயன்றி, பிறரை நகைப்பிக்கும் வாய்ப்பை அவர்களுக்குக் கதை மிகுதியாக அளித்திலது. பெண்பாத்திரங்களுள் அதனைப் பெற்றவர், செல்லப்பாவின் கதாநாயகியாக வரும் சச்சு ஒருவரே. இளமையில் இக்குறை எவர் கண்ணிலும் பட்டிராது. விசுவநாதன்–இராமமூர்த்தியின் பாடல்கள் அன்று சிறுவர்க்குக் கச்சான் வாங்க வெளியே செல்லும் வேளை. இன்று அவற்றுக்காகவே படத்தை நிறுத்தி மீட்டுக் கேட்பவர் பலர்.

போரினால் ஊர் சிதறியபின் இப்படத்தை மீளக் காண்போருட் பெரும்பாலார் தனித்தே காண்கின்றனர். அரங்கிலே பலர் ஒருங்கு நகுங்கால் அடுத்த சொல் காதில் விழாது. அதன்பொருட்டே மீண்டும் ஒருமுறை படத்துக்குச் சென்றவருண்டு. தனியறையிலே ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கின்றது. பக்கத்து வாங்கிலிருந்து எழும் வெடிச்சிரிப்பு ஒன்றே இல்லை.

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பேரப்பிள்ளையை அருகிருத்தி இக்காட்சியைக் காட்டும் முதியவருக்கு அதுவும் ஓரளவு கிட்டுகின்றது. தமிழ் அரைகுறையாக அறிந்த அப்பிள்ளை, நாகேஷின் வாயோசைக்கு விழுந்து விழுந்து சிரிக்கின்றது. அம்முதியவர் அதே நொடியில், பாலையாவின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கின்றார்.