புற்றரையைப் பேணுதல்

பசும்பாய் விரித்தாற்போல் வீட்டின் முன்னே விளங்கும் புற்றரை கண்ணுக்குக் குளிர்ச்சி தருவது. மழைநீரை மண்ணுள் இறக்குவது. மேல்மண் அரித்துச் செல்லாவண்ணம் காப்பது. நம் நாட்டு வெயிலுக்கு ஏற்ற புல் அருகாகும். மணமக்களை வாழ்த்தும் பெரியோர், அருகுபோல் வேரூன்றி வாழ்க என்பர். அத்தகைய அருகும் சிற்சில இடங்களில் திட்டுத் திட்டாகக் கருகிவிடுவதுண்டு. அதற்குக் காரணம் யாது?

வளர்ப்பு நாயின் சிறுநீரில் யூரியாவும் உப்புகளும் உள்ளன. யூரியா பயிருக்கு உரமன்றோ, அது புல்லைக் கொல்லுமோ என்னும் ஐயம் எழலாம். அளவோடு சேர்ந்தால் அது உரம். அளவு கடந்து ஓரிடத்தில் தேங்கினால் அதுவே நஞ்சு. கருகிய திட்டைச் சுற்றிலும் கரும்பச்சை வளையம் ஒன்று காணப்படுவதுண்டு. நடுவில் மிகுதியாய் விழுந்தது புல்லைக் கருக்கியது. ஓரத்தில் சிறிதளவே பரவியது புல்லை வளர்த்தது.

ஆதலின் இதற்கு முதல் மருந்து தண்ணீரே. நாய் சிறுநீர் கழித்தவுடன் அவ்விடத்தில் ஒரு வாளி நீர் ஊற்றினால் அதன் கடுமை தணியும். புல் முன்னரே பட்டுப்போயிருப்பின், நான்கு விரற்கடை ஆழம் மண்ணை அகழ்ந்து நீக்கி, புதுமண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்ப வேண்டும். பின்னர், அருகின் ஓடுதண்டுகளை இரண்டு மூன்று கணுக்கள் உடையனவாக நறுக்கி, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். வேரும் தளிரும் கணுவினின்றே தோன்றுதலால், ஒரு கணுவேனும் மண்ணுள் புதைந்திருத்தல் இன்றியமையாதது. மழைக்காலத் தொடக்கமே நடுதற்கு ஏற்ற காலம். வேர் பிடிக்கும்வரை அவ்விடத்தைச் சுற்றிச் சிறு வேலி இடுதல் நன்று. தோட்டத்தின் ஒரு மூலையில் மணல் பரப்பி, நாயை அங்கே செல்லப் பழக்கலாம். நாயை அடிப்பதால் பயனில்லை. இடம் காட்டாத குற்றம் வளர்ப்பவருடையதே.

புல் அழிந்த வெற்றிடத்தில் களை குடிபுகும். கோரையின் இலையை மட்டும் கிள்ளினால் அது மீண்டும் தழைக்கும். ஏனெனில் அதன் உயிர் மண்ணுள் தொடர்ந்து கிடக்கும் கிழங்குகளில் உள்ளது. மண் ஈரமாய் இருக்கும்போது களைக்கொத்தியால் கிழங்கோடு அகழ்ந்தெடுக்க வேண்டும். எஞ்சிய கிழங்கு மீண்டும் முளைக்குமாதலால், ஒருநாள் உழைப்பு போதாது. நெருஞ்சியைக் காய்க்குமுன் களைய வேண்டும். 1955-ஆம் ஆண்டில் புனே நகரில் காணப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பறிக்க வேண்டும். அது தோலில் அரிப்பை உண்டாக்குமாதலின் கையுறை அணிதல் தகும்.

களைக்கொல்லி தெளித்தால் எளிதன்றோ எனச் சிலர் கருதுவர். குழந்தைகள் அத்தரையில்தான் விளையாடுகின்றனர்; நாயும் அதில் புரண்டு தன் பாதத்தை நக்குகின்றது. எனவே கையால் களைவதே தக்கது.

புல்லை ஒட்ட வெட்டுதல் தவறு. ஒருமுறைக்கு அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வெட்டலாகாது. நெருங்கி வளர்ந்த புல்லின் நிழலில் களைவிதைகள் முளைத்தல் அரிது. களையைப் பறித்தல் பாதி வேலையே. அது மீண்டும் நுழையாதபடி புல்லைச் செழிக்கச் செய்தல் மறுபாதியாகும்.