ஸ்நோ ஒயிட் ஆக வெள்ளைப் பவுடர் வேண்டாமே!

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் விழும். திங்கள்கிழமை ஃபேன்ஸி டிரஸ் போட்டி, இந்த முறை தேவதைக் கதை கேரக்டர்கள். அவ்வளவுதான், வீடே அல்லோலகல்லோலப்படும். உடையை எங்காவது வாடகைக்குப் பிடித்துவிடலாம். முகத்துக்கும் முடிக்கும் என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் முழிக்கிறோம்.

போன வருஷம் என் அக்கா மகளுக்கு ஸ்நோ ஒயிட் வேஷம். ஆறு வயசு. பக்கத்தில் இருந்த ஒரு பார்லருக்கு அழைத்துப்போனோம். பெயரிலேயே 'ஒயிட்' இருக்கிறதே என்று, அவள் நிறத்தைவிட மூன்று ஷேட் வெளுப்பான ஃபவுண்டேஷனைப் பூசி, அதற்கு மேல் பவுடரையும் அப்பிவிட்டார்கள். முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. காதும் கழுத்தும் கையும் மட்டும் அவளுடைய சொந்த நிறத்தில். மேடையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்கிவந்தாள். வீட்டில் முகம் கழுவிவிடும்போதுதான் கேட்டாள்: "சித்தி, கறுப்பா இருந்தா ஸ்நோ ஒயிட் ஆக முடியாதா?"

எனக்கு அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதற்குப் பிறகு, சினிமாவில் இந்தக் கேரக்டர்களுக்கு மேக்கப் போட்டவர்கள் எப்படி யோசித்திருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். பதில் அங்கே இருந்தது. முடியும். தாராளமா முடியும்.

முதலில் மேலிஃபிசென்ட்டைப் பாருங்கள். தூங்கும் அழகிக்குச் சாபம் கொடுப்பாளே, அந்த வில்லி. டிஸ்னியின் 1959-ம் வருடக் கார்ட்டூனில் அவளுடைய தோல் வெளிர் பச்சை. 2014-ல் வந்த படத்தில் ஏஞ்சலினா ஜோலி அந்த வேஷம் போட்டபோது பச்சை நிறத்தையே எடுத்துவிட்டார்கள். மேக்கப்பை வடிவமைத்தவர், ஆஸ்கர் விருதுகளைக் குவித்த ரிக் பேக்கர். அவருடைய குழு எதை விடாமல் வைத்துக்கொண்டது தெரியுமா? இரண்டு கொம்புகள், தலைமுடியே தெரியாத தலை, சிவப்பு உதடு. கூடவே கன்ன எலும்பைத் தூக்கிக் காட்ட, கத்தி மாதிரி இரண்டு ஒட்டுப்பாகங்கள். பச்சை போனதால் யாராவது அவளை அடையாளம் தெரியாமல் திணறினார்களா? இல்லையே! சொல்லப்போனால், அந்தக் கோலத்தில் ஜோலியைப் பார்த்துக் குழந்தைகள் மிரண்டதால், குட்டி இளவரசியாக அவருடைய சொந்த மகளையே நடிக்கவைத்தார்கள்.

கார்ட்டூன் வரைபவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. உருவம் முழுவதையும் கறுப்பு மையால் நிரப்பிவிட்டு, வெறும் வெளிக்கோட்டை வைத்தே யாரென்று சொல்ல முடிகிறதா என்று பார்ப்பார்கள். கொம்பு தெரிந்தால் மேலிஃபிசென்ட். நீண்ட பின்னல் என்றால் ரபுன்ஸல். குட்டை முடியும் மேலே ஒரு போ ரிப்பனும் இருந்தால் ஸ்நோ ஒயிட். தோலின் நிறம் இந்தச் சோதனைக்குள் வருவதே இல்லை. பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் நடுவருக்கும் முதலில் கண்ணில் படுவது இந்த வெளிக்கோடுதான்.

வெள்ளையை இடம் மாற்றுங்கள்

"ஆனா ஸ்நோ ஒயிட் கதையே வெள்ளை நிறத்தைப் பத்தினதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்ட கதையில், பனி கொட்டும் நாளில் ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருக்கும் ராணியின் விரலில் ஊசி குத்திவிடும். வெள்ளைப் பனியில் சிவப்பு ரத்தம், பக்கத்தில் கருங்காலி மரத்து ஜன்னல் சட்டம். இந்த மூன்று நிறமும் சேர்ந்த அழகில்தான் அவளுக்கு அப்படியொரு குழந்தை வேண்டும் என்ற ஆசை வருகிறது. வெள்ளை மட்டும் அல்ல, மூன்றும் ஒன்றுக்கொன்று பளிச்சென்று எடுத்துக்காட்டுவதுதான் விஷயம்.

அதனால் வெள்ளையை முகத்திலிருந்து எடுத்து உடைக்குக் கொடுத்துவிடுங்கள். 1937-ல் வந்த டிஸ்னி படத்திலேயே அவளுக்குக் கழுத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் வெள்ளைக் காலர் இருக்கிறது. அதைக் கஞ்சி போட்டு விறைப்பாக நிறுத்தினால் போதும், பனி வந்துவிட்டது. கறுப்பு நம் குழந்தைகளின் தலையிலேயே இருக்கிறது, ஓசியில்! மிச்சம் சிவப்பு. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஆரஞ்சு கலந்த சிவப்பைவிட, மாதுளை நிறச் சிவப்பு உதட்டில் அருமையாக எடுக்கும். பேபி பிங்க் பக்கம் போகவே வேண்டாம், சுண்ணாம்பு தடவின மாதிரி தெரியும்.

கன்னத்துக்கும் அதே மாதுளைச் சிவப்பில் ஒரு சொட்டு, விரலால் தேய்த்து மறையவிடுங்கள். இதில் ஒரு சுவாரஸ்யம். அந்த 1937 படத்தில் ஸ்நோ ஒயிட்டின் கன்னம் வெறும் பெயின்ட்டாகத் தட்டையாகத் தெரிந்ததால், ஸ்டூடியோவில் வண்ணம் தீட்டும் பெண்கள் ஒவ்வொரு செல்லுலாய்டு தாளிலும் சாயத்தைத் தனியாகத் தேய்த்து ரோஸ் ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான தாள்கள்! நமக்கு இரண்டே கன்னம்தான்.

ஃபவுண்டேஷன் போட்டே ஆக வேண்டுமென்றால், கையில் வைத்துப் பார்க்காதீர்கள். தாடையோரம் ஒரு கோடு இழுத்து, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். கோடு காணாமல் போனால் அதுதான் சரியான ஷேட். ஆறு வயசுத் தோலுக்கு அதுவே தேவையில்லை என்பது என் கட்சி.

ரபுன்ஸலுக்குப் பொன்நிற விக் வேண்டுமா?

கடையில் கிடைக்கும் மலிவான நைலான் விக் பொன் நிறத்தில் பளபளக்கும், அரிக்கும், ஒரு மணி நேரத்தில் சிக்குப் பிடித்துவிடும். கிரிம் கதையில் அவள் முடி 20 முழம் போல ஒரு கணக்கு. 2010-ல் வந்த 'டேங்கில்டு' படத்தில் 70 அடி. இரண்டிலும் முக்கியம் நீளம்தான். அந்த நீளத்தை நம் வீட்டு அலமாரியில் இருக்கும் சவுரி கொடுத்துவிடும். இரண்டு மூன்று சவுரியைச் சேர்த்துத் தடிமனாகப் பின்னி, முழங்காலோடு நிறுத்திவிடுங்கள். தரையில் புரளவிட்டால் குழந்தை அதை மிதித்துத் தடுக்கி விழும்.

அந்தப் படத்தில் ஊர்ச் சிறுமிகள் சேர்ந்து ரபுன்ஸலின் முடியைப் பின்னிப் பூ வைத்துவிடும் காட்சி ஒன்று உண்டு. அதைப் பார்த்தபோது "அட, நம்ம பூ ஜடை!" என்றுதான் எனக்குத் தோன்றியது. கறுப்புப் பின்னலில் மல்லிகையும் சிவப்பு ரோஜாவும் எடுக்கிற எடுப்பு, பொன் முடியில் வருமா என்பது சந்தேகம்தான். சவுரி கனமாக இருந்தால் உச்சியில் கட்டாதீர்கள். கழுத்துக்குக் கொஞ்சம் மேலே, ஏற்கெனவே போட்ட ஒரு சின்னப் பின்னலோடு சேர்த்து யூ பின் குத்துங்கள். இல்லாவிட்டால் அரை மணியில் தலைவலி என்று அழும்.

குழந்தையின் சொந்த முடியை வைத்தே கேரக்டரைக் கட்டுவது ஏதோ செலவு மிச்சம் பிடிக்கும் வழி இல்லை. 1997-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு எடுத்த 'சிண்ட்ரெல்லா'வில் பாடகி பிராண்டி தன் மெல்லிய பின்னல்களோடுதான் நடித்தார். 2023-ல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்டு' படத்தை எடுத்தபோது, ஹாலி பெய்லிக்குச் சிறு வயதிலிருந்தே வளர்ந்த திரித்த சடைகள் இருந்தன. சிகையலங்காரக் கலைஞர் கமில் ஃப்ரெண்ட் அவற்றை வெட்டவும் இல்லை, விக்குக்குள் மறைக்கவும் இல்லை. சடைகளின் மேலேயே சிவப்பு முடியைச் சுற்றிக் கடல்கன்னி ஆக்கினார்.

சூனியக்காரக் கிழவிக்கு மட்டும் ஒரு டிப்ஸ். சுருக்கத்தை உங்கள் இஷ்டத்துக்கு வரையாதீர்கள். குழந்தையை முறைக்கச் சொல்லுங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுங்கள். தோல் எங்கே மடிகிறதோ அங்கே பிரவுன் ஐப்ரோ பென்சிலால் மெல்லிய கோடு, அதை ஒட்டிக் கொஞ்சம் வெளிர் நிறம். கறுப்பு வேண்டாம், மீசை மாதிரி ஆகிவிடும். ஓநாய், கரடி என்றால் மூக்கு நுனியில் கறுப்பு, ஹேர் பேண்டில் இரண்டு காது, முடிந்தது. பிரான்சில் 1946-ல் வெளிவந்த 'பியூட்டி அண்டு தி பீஸ்ட்' படத்தை எடுத்தபோது மிருகமாக நடித்த ழான் மாரேக்கு மேக்கப் போட 5 மணி நேரம் ஆகுமாம். நம்ம வாலுகள் 20 நிமிஷம் உட்கார்ந்தாலே பெரிசு.

தோல் விளையாட்டுப் பொருள் இல்லை

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 'தி விஸார்டு ஆஃப் ஆஸ்' படத்தில் 1938-ல் தகர மனிதனாக முதலில் நடிக்கத் தொடங்கியவர் படி எப்சன். முகத்தில் பூசிய அலுமினியத் தூளைச் சுவாசித்து நுரையீரல் பாதித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வேஷம் வேறு நடிகருக்குப் போனது. அதே படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டனுக்குப் பூசிய பச்சை மேக்கப்பில் செம்பு கலந்திருந்தது. தீ வரும் காட்சியில் முகமும் கையும் வெந்துபோய், பல வாரங்கள் படப்பிடிப்புக்கே வர முடியவில்லை.

அது பெரிய ஸ்டூடியோ. நம் வீட்டில் நடப்பது என்ன? போஸ்டர் கலர், ஃபேப்ரிக் பெயின்ட், கிராஃப்ட் வேலைக்கு வாங்கின ஜிகினாத் தூள், எல்லாம் முகத்துக்குப் போகின்றன. இவை எதுவும் தோலுக்கானவை இல்லை. ஜிகினா கண்ணுக்குள் விழுந்தால் கருவிழியைக் கீறிவிடும். மினுமினுப்பு வேண்டுமென்றால் கிரீடத்திலும் பாவாடையிலும் ஒட்டிக்கொள்ளுங்கள். எந்தப் புதுப் பொருளாக இருந்தாலும் முந்தின நாளே முழங்கை மடிப்பில் துளி தடவி, மறுநாள் வரை சிவக்கிறதா, அரிக்கிறதா என்று பாருங்கள். கலர் ஹேர் ஸ்பிரேயைச் சவுரியில் அடியுங்கள், குழந்தை தலையில் வேண்டாம்.

போட்டி முடிந்ததும் சோப்பைப் போட்டுத் தேய்க்காமல், முதலில் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தெடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர்.

இந்த வருஷமும் எங்கள் வீட்டில் அதே கதை, அதே ஸ்நோ ஒயிட். பழைய கேள்விக்குப் பதிலாக அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, வெள்ளைக் காலர், சிவப்பு போ, கையில் ஒரு ஆப்பிள், உதட்டில் மாதுளைச் சிவப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"நல்லாதான் இருக்கு சித்தி. ஆனா அடுத்த வருஷம் நான் சூனியக்காரி. ஆப்பிளை நான்தான் குடுப்பேன்!"

பிரவுன் பென்சில் வாங்கி வைத்திருக்கிறேன்.