யாருடைய ரகசியம்?

நாற்பது ஆண்டுகளுக்கு முன் வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்தால், ஊருக்குச் சொல்ல முதலில் ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. "பையன் பம்பாய்க்கு வேலைக்குப் போயிருக்கான்", "பொண்ணு பெரியம்மா வீட்டுல இருக்கா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறுவார்கள். 1794இல் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய அரசு மனநல மருத்துவமனையே பலருக்கும் தெரிந்த ஒரே இடம். அந்தப் பக்கம் போனதை யாராவது பார்த்துவிட்டால், வீட்டில் அடுத்திருக்கும் பெண்ணின் கல்யாணமும் தள்ளிப்போகும்.

ஊருக்கு மறைத்த விஷயம் அரசாங்கத்துக்கு மறைவாக இல்லை. மனநோயாளிகள் பற்றிய 1912ஆம் ஆண்டுச் சட்டம் 1993 வரை நடைமுறையில் இருந்தது. நோயாளி தானாக வந்து சேராதபோது உறவினர் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட வேண்டும். மருத்துவச் சான்றுகளை இணைக்க வேண்டும். உத்தரவு வாங்க வேண்டும். ஒருவர் இரவில் என்ன பேசினார், யாரை அடித்தார் என்பதெல்லாம் நீதிமன்றக் கட்டில் ஏறின. எழுத்தருக்கும் காவலருக்கும் தெரிந்த அந்த விஷயம், சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியாமல் போவதுண்டு. மாத்திரையைப் பொடித்துக் காப்பியில் கலந்து கொடுத்த வீடுகள் எத்தனையோ. கேட்டால், "சத்து மாத்திரைப்பா" என்பார்கள்.

1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியின் ஆவணங்களை ஓரளவு காத்தது. மருத்துவமனையைப் பார்வையிட வருவோர் ரகசிய ஆவணங்களைக் கேட்க முடியாது. ஆனால் எது ரகசியம் என்று முடிவு செய்தவர் பொறுப்பு மருத்துவ அலுவலர். நோயாளியைக் கேட்கும் வழக்கம் அப்போதும் வரவில்லை.

2018இல் நடைமுறைக்கு வந்த மனநல பராமரிப்புச் சட்டம் இதைத் திருப்பிப் போட்டது. நோய், சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாக வைத்திருக்கக் கோருவது இப்போது நோயாளியின் உரிமை. கணினியில் இருக்கும் பதிவுக்கும் அது பொருந்தும். சம்மதம் இல்லாமல் அவருடைய படத்தையோ விவரத்தையோ ஊடகத்துக்குத் தரக் கூடாது. தன் மருத்துவக் குறிப்பை அவரே கேட்டு வாங்கலாம். அவருக்குக் கடுமையான மனபாதிப்போ பிறருக்குத் தீங்கோ வரக்கூடும் என்றால் மட்டும் சில பகுதிகளை நிறுத்தி வைக்கலாம். தன் சார்பில் முடிவெடுக்க உதவும் பிரதிநிதியாக வயது வந்த, அதற்குச் சம்மதிக்கும் எவரையும் நியமிக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பொறுப்பை நிறைவேற்றத் தேவையான தகவல் பிரதிநிதிக்குக் கிடைக்கும்.

இது பெற்றவர்களுக்கு வலிக்கிறது. "பத்து வருஷமா பாத்துக்கறது நாங்க. உள்ள என்ன சொன்னான்னு எங்ககிட்ட சொல்ல மாட்டீங்களா டாக்டர்?" என்ற கேள்வியில் நியாயம் உண்டு. மாத்திரையின் அளவும் எச்சரிக்கை அறிகுறிகளும் தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? உயிருக்கு ஆபத்து என்றாலோ, மற்றவருக்குத் தீங்கு வரும் என்றாலோ தகவலைச் சொல்லச் சட்டமே இடம் தருகிறது. மற்றபடி, "உங்க பையன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்பதே மருத்துவர் சொல்ல வேண்டிய பதில். முன்பு அப்படிச் சொல்லியிருந்தால் திமிர் என்று நினைத்திருப்பார்கள்.

சிகிச்சை கிடைக்கும் இடமும் மாறியிருக்கிறது. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் மனநல சிகிச்சையை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. அரசுப் பொது மருத்துவமனை வரிசையில் நிற்பவர் சர்க்கரைக்கு வந்தாரா, சஞ்சலத்துக்கு வந்தாரா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசி மனநல ஆலோசனை எண்ணும் இருக்கிறது. வரிசையே வேண்டாம்.

ஆனால் உள்ளூரில் வேறொரு தொல்லை. சீட்டுப் போடுபவர் அடுத்த தெருக்காரராக இருக்கலாம். மருத்துவர் ஒருவரிடம் பேசும்போதே அடுத்தவர் மேசையை ஒட்டி நிற்பார். பெண்ணின் பெயருக்கு நேரே கணவரின் செல்பேசி எண் பதிவாகியிருந்தால், "நாளைக்கு மனநலப் பிரிவுக்கு வாங்க" என்ற செய்தி அவருக்குத்தான் போகும். பேரேட்டுக் காலத்தில் ஒரு பக்கத்தைப் பார்க்க அலமாரிச் சாவி வேண்டும். இப்போது திரையைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்ப நொடிப்பொழுது போதும்.

இவற்றைச் சரிசெய்யப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஒரு தடுப்புத் திரை, பெயருக்குப் பதில் டோக்கன் எண், ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் போதும். பதிவு செய்யும்போதே, "எந்த நம்பருக்குக் கூப்பிடலாம்? யார்கிட்ட சொல்லலாம்?" என்று நோயாளியையே கேட்க வேண்டும். அன்று யாரும் கேட்காத கேள்வி அது. இன்று கேட்காமல் விட்டால் அது உரிமை மீறல்.