மாட்டுக்குப் பல் பார்க்கிறோம், நம்ம பிள்ளைக்குப் பார்க்கிறோமா?

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)



சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறோம். நடையைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம். விலை பேசுவதற்கு முன்னாலே மறக்காமல் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறோம். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் துண்டுக்குள்ளே கையை நீட்டுகிறோம். பல் போன மாடு தீனி எடுக்காது, தீனி எடுக்காத மாடு ஏர் இழுக்காது என்பது நமக்குத் தெரியும். இவ்வளவு விவரம் தெரிந்த நாம், நம்ம வீட்டுப் பிள்ளையின் வாயை எத்தனை தடவை திறந்து பார்த்திருக்கிறோம்?

ஏன் கேட்கிறேன் என்றால், ஒரு நாள் ஒரு விவசாயி தன் ஏழு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பையன் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கீழ்த்தாடையின் கடைசிப் பல்லில் பெரிய குழி. "பால் பல்லுதானுங்க, பிடுங்கிப் போட்டுடுங்க, வேறே முளைச்சுக்கும்" என்றார். அது பால் பல் இல்லை. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். அது போனால் வேறே முளைக்காது என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "இத யாரும் எங்களுக்குச் சொல்லலீங்களே" என்றார். நல்ல வேளையாக அந்தப் பல்லைக் காப்பாற்ற முடிந்தது. ஆனால் விதைப்பு நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டு அவர் நாலு தடவை பஸ் ஏறி வர வேண்டியதாயிற்று. அவருக்கு முன்கூட்டியே சொல்லாமல் விட்டதை உங்களுக்காவது சொல்லிவிடலாம் என்றுதான் இந்தப் பேச்சு.

ஆறு வயசுப் பல்

குழந்தைக்குப் பால் பற்கள் இருபது. பெரியவர்களுக்கு முப்பத்திரண்டு. பால் பல் விழுந்த இடத்தில்தான் புதுப் பல் முளைக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாப் பல்லுக்கும் அப்படி இல்லை. ஆறு வயசு வாக்கில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னாலே, எந்தப் பல்லும் விழாமலே, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நாலு கடைவாய்ப் பற்கள் சத்தமில்லாமல் முளைக்கின்றன. இவை நிரந்தரப் பற்கள். சோற்றை மென்று அரைக்கிற பெரும்பாரம் இவற்றின் மேல்தான். உச்சியில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் உணவு தங்கிச் சீக்கிரம் சொத்தையாவதும் இவைதான். ஆகவே பிள்ளை ஒண்ணாம் வகுப்புக்குப் போகிறபோதே டார்ச் விளக்கை அடித்துக் கடைவாயைப் பாருங்க. கறுப்புப் புள்ளி தெரிந்தால் அப்போதே அடைத்துவிடலாம். செலவும் குறைவு, வலியும் இல்லை.

பால் பல்தானே என்று அதையும் அலட்சியமாக விடக்கூடாது. அடியில் வளருகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது பால் பல். அது காலத்துக்கு முன்னாலே போனால் பின்னால் வருகிற பல் கோணலாகத்தான் முளைக்கும்.

பல்லில் பூச்சி உண்டா?

பல் சொத்தையைப் பூச்சிப் பல் என்கிறோம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பூச்சி விழும் என்று சில ஊர்களில் இன்னும் செய்கிறார்கள். அப்போது விழுகிறது பல்லிலிருந்து வந்த பூச்சி இல்லீங்க. பல்லை அரிக்கிற கிருமிகள் கண்ணுக்கே தெரியாதவை. பல்லின் மேல் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டுகிறதே, அந்த அழுக்குப் படலத்தில்தான் அவை குடியிருக்கின்றன.

நாம் இனிப்பாக எதைத் தின்றாலும் அந்தக் கிருமிகளும் தின்கின்றன. தின்று புளிப்பான அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலோட்டிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. இதைச் சரிசெய்ய நம்ம வாயிலேயே மருந்து இருக்கிறது. அதுதான் எச்சில். எச்சில் அமிலத்தை முறித்து, கரைந்த சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அவகாசம் வேணும்.

இங்கேதான் கணக்கு இருக்கிறது. எவ்வளவு இனிப்பு சாப்பிட்டோம் என்பதைவிட, எத்தனை தடவை சாப்பிட்டோம் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். நடவு நாளில் காலையிலிருந்து சாயந்தரத்துக்குள் ஆறு தடவை சர்க்கரை போட்ட டீ குடித்தால், எச்சில் ஒரு தடவை சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த தடவை வந்துவிடுகிறது. வடிவதற்குள் மறுபடியும் தண்ணீர் பாய்ச்சினால் வயல் என்ன ஆகும்? வேர் அழுகும். பல்லும் அப்படித்தான். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டுவிடுங்க. நடுநடுவே தாகம் எடுத்தால் தண்ணீரோ, நீர்மோரோ, நீராகாரமோ குடிங்க. டீ குடித்தால் உடனே ஒரு வாய்த் தண்ணீர் விட்டுக் கொப்பளிங்க.

வெல்லம், கருப்பட்டி, தேன் என்றால் பல்லுக்கு ஒன்றும் செய்யாது என்பது தப்பு. கிருமிக்கு எல்லாம் சர்க்கரைதான். அதேபோல் குழந்தை பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்குவதும், சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்த ரப்பரைச் சப்புவதும் மேல்வரிசை முன்பற்களை ஒன்றிரண்டு வருஷத்திலேயே அரித்துவிடும்.

ஈறு தேய்ந்தால் பல் ஆடும்

சொத்தையாவது வலித்துக் காட்டிக் கொடுக்கும். ஈறு நோய் வலிக்காமலே வேலையை முடித்துவிடும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் அழுக்கை நீக்காமல் விட்டால் அது கல் மாதிரி இறுகிக் காரையாகிவிடும். களர் நிலத்தில் உப்புப் பூத்து இறுகுகிறதே, அந்த மாதிரி. அதனால் ஈறு வீங்கும், சிவக்கும், பல் விளக்கும்போது ரத்தம் வரும். ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தில் பல் விளக்குவதையே விட்டுவிடுகிறோம். அப்படி விட்டால் அழுக்கு இன்னும் கூடும். மெதுவாக, ஆனால் நன்றாக விளக்குங்க. இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் பல் டாக்டரிடம் போய்க் காரையை எடுத்துவிட வேணும். காரையை எடுத்தால் பல் ஆடிவிடும் என்று சொல்வது சரியில்லை. எடுக்காமல் விட்டால்தான் அடியில் தாடை எலும்பு கரைந்து பல் ஆடும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஈறு நோய் அதிகம் வரும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேணும். கர்ப்பிணிப் பெண்களுக்கும் ஈறில் ரத்தம் வருவது உண்டு. பிள்ளை பெற்றால் பல் போகும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடக் கூடாது. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுப்பதில்லை. வாந்தி எடுத்தால் முதலில் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி கழித்துப் பல் விளக்கினால் போதும்.

எதைக் கொண்டு விளக்குவது?

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்றார்கள் பெரியவர்கள். இதிலே வேல் என்றது கருவேலமரத்தை. இந்த இரண்டிலும் துவர்ப்பு இருக்கிறது. குச்சியின் நுனியைக் கடித்து நாராக்கி, மேலும் கீழுமாக மெதுவாகத் தேய்த்தால் அழுக்குப் போகும். வேப்பங்குச்சியும் நல்லதுதான். ஆனால் உள்பக்கத்துக்கும் கடைவாய்க்கும் குச்சி சரியாக எட்டாது. அங்கே பிரஷ்தான் எட்டும். நார் மெத்தென்று இருக்கிற பிரஷ்ஷாக வாங்குங்க. நார் விரிந்துபோனால் மாற்றிவிடுங்க.

செங்கல் தூள், மணல், சாம்பல், அடுப்புக்கரி ஆகியவற்றால் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்க. பல் பளிச்சென்று தெரிவது மேலோடு தேய்வதால்தான். தேய்ந்த மேலோடு திரும்ப வளராது. பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். உப்புத் தண்ணீர் வெதுவெதுப்பாகக் கொப்பளிக்க நல்லது. உப்புக்கல்லால் தேய்ப்பது நல்லதில்லை. புகையிலை கலந்த பல்பொடியை மத்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. யாராவது வீட்டில் செய்து கொடுத்தாலும் வாங்காதீங்க.

புளோரைடு சேர்ந்த பற்பசை சொத்தையைத் தடுக்கும். மூன்று வயசுக்குள் ஓர் அரிசி அளவும், ஆறு வயசு வரை ஒரு பட்டாணி அளவும் போதும். பிள்ளை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்க. ஏனென்றால் புளோரைடு அளவோடு இருந்தால்தான் மருந்து. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் போர்த் தண்ணீரில் இது அதிகம். குடிதண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மிஞ்சினால் வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். பல வருஷம் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது இதற்காகத்தான். குழாய்த் தண்ணீர் வருகிற ஊரில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடிங்க. போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் வற்றி, அதன் அளவுதான் கூடும்.

காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை, இரண்டு நிமிஷம் விளக்குங்க. ஒரு வேளைதான் முடியும் என்றால் ராத்திரி வேளையைத்தான் விடக்கூடாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். வயலில் காவல் இல்லாத நேரம் அது.

பல்லுக்கு நம்ம சாப்பாடு

பல்லுக்கான உணவுகள் பல நம்ம கொல்லையிலேயே இருக்கின்றன. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் பத்து மில்லிகிராம் அளவில்தான். எள், முருங்கைக்கீரை, மோர், முள்ளோடு தின்கிற நெத்திலி எல்லாம் இதே சத்துக்குத்தான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும், பிறந்து பல் உருவாகும் வயசிலும் இவை மிகவும் அவசியம்.

ஈறுக்கு வேண்டியது வைட்டமின் சி. நெல்லிக்காயும் கொய்யாவும் இதற்குத் தலைசிறந்தவை. கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு இருக்கிறது. வேலியோரத்தில் ஒரு கொய்யா மரம் வையுங்க. வெள்ளரி, முள்ளங்கி, கேரட் மாதிரி கடித்து மெல்லுகிற பண்டங்கள் எச்சிலை ஊறவைக்கும். கரும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்பது பாதிதான் உண்மை. சாறு சர்க்கரைதானே? தின்றபின் கொப்பளித்துவிடுங்க.

வெற்றிலைப் பெட்டி

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருக்கிறது. புகையிலை சேர்க்காமல் பாக்கு மட்டும் போட்டாலும் கெடுதல்தான். புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். களைப்புத் தெரியாமல் இருக்கக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிற புகையிலை, அந்த இடத்தையே நாளடைவில் புண்ணாக்குகிறது. அதுமட்டுமில்லை, புகை பிடிக்கிறவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது. அதனால் நோய் இருப்பதே தெரியாமல் போகும்.

மாதம் ஒரு தடவை கண்ணாடி முன் நின்று பாருங்க. வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இருக்கிறதா? இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா? காரம் பட்டால் வாய் முழுக்க எரிகிறதா? நடு மூன்று விரல்களையும் நிறுத்தி வைத்து வாய்க்குள் நுழைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் கன்னத்துச் சதை இறுக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். இதில் எது இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. வலி இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.

அவசரத்துக்கு

மாடு முட்டியோ, விழுந்தோ முன்பல் முழுசாகக் கழன்று வந்துவிட்டால் தூக்கி எறிந்துவிடாதீங்க. நிரந்தரப் பல்லாக இருந்தால் திரும்ப ஒட்டவைக்க முடியும். வேரைத் தொடாமல் பல்லின் மேல்பகுதியைப் பிடிங்க. மண் ஒட்டியிருந்தால் லேசாக அலசுங்க, தேய்க்க வேண்டாம். வந்த குழியிலேயே வைத்துத் துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்க. முடியாவிட்டால் ஒரு தம்ளர் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போய்விட வேணும். பால் பல்லை மட்டும் இப்படித் திரும்ப வைக்கக்கூடாது.

பல்வலிக்குக் கிராம்பு வைத்தால் மரத்துப்போகும். ஆனால் சொத்தை போகாது. வலி நின்றதே என்று வீட்டில் இருந்துவிடாதீங்க. முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்து, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்ற பயமும் வேண்டாம். பார்வைக்கு உள்ள நரம்பு வேறு, பல்லுக்கு உள்ள நரம்பு வேறு.

உழவர் பெருமக்களே, இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரே ஒரு காரியம் செய்யுங்க. தண்ணீர் பாய்ச்சப் போகும்போது எடுத்துப்போகிற அந்த டார்ச் விளக்கை எடுத்து, உங்கள் பிள்ளைகளை வாயைத் திறக்கச் சொல்லிக் கடைவாய் வரைக்கும் பாருங்க. பிறகு எல்லோரும் சேர்ந்து பல் விளக்கிவிட்டுப் படுங்க. அந்தப் பையனின் தகப்பனார் கடைசித் தடவை வந்தபோது தன் சின்ன மகளையும் கூடவே கூட்டி வந்தார். அவளுக்கு வலி எதுவும் இல்லை. "சும்மா பார்த்துச் சொல்லுங்கய்யா" என்றார். அப்படி வருகிறவர்கள்தான் எனக்கு வேண்டும்.