ரைஃபிள் குழலை ஏன், எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். அதைத் தொடர்ந்து தொட வேண்டுமானால், குழலின் உட்புறம் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்கள்தான் குண்டைச் சுழலவைக்கின்றன. சுடச்சுட அங்கே வெடிமருந்தின் கரி படிகிறது. .22 ரகத்தில் ஈயமும் மெழுகும் சேரும். பெரிய ரகங்களில் குண்டின் மேலுறைச் செம்பு ஒட்டும். தோட்டா அறைக்குச் சற்று முன்னால் வளையமாக இறுகும் கரிதான் பெரும் தொல்லை. அது தூரிகைக்கு எளிதில் அசையாது.

முதலில் அறையில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு, வழிகாட்டிக் குழாய் பொருத்தி, பின்புறத்திலிருந்தே துப்புரவுக் கம்பியைச் செலுத்த வேண்டும். காரணம், குண்டு வெளியேறும் குழல்வாயின் விளிம்பு. அங்கே சிறு கீறல் விழுந்தாலும் வாயு ஒருபக்கமாகப் பீறிட்டு, வெளியேறும் குண்டைச் சாய்த்துவிடும். அவசரமாகக் கம்பி ஓட்டிக் கெடுப்பதைவிட அழுக்கோடு விடுவதே மேல்.

அம்மோனியா கலந்த கரைப்பான் செம்பைக் கரைத்து, குழலைத் துடைக்கும் துணியை நீலமாக்கும். கம்பியின் பித்தளை முனையும் அதே நீலத்தைத் தரும் என்பதால் ஏமாந்துவிடக் கூடாது. கடைசியில் உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசி வைப்பார்கள். சுடுவதற்கு முன் அதைத் துடைத்தெடுப்பார்கள். சுத்தம் செய்த குழலில் முதல் சில குண்டுகள் இடம் மாறி விழலாம். அவற்றைப் பயிற்சிச் சூடுகளிலேயே கழித்துவிடுவது நல்லது.